டெல்டாவின் கிளை ரயில் பாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஓடிய சின்ன ரயில்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ரயிலில் போனவர்கள், மீதிப் பேர் அதைப் பார்க்காமலே அதன்மேல் ஆசை வைத்திருக்கும் இளைஞர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் நல்லது, பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

கிளைப்பாதைன்னா என்னங்க? எல்லாமே ரயில் பாதைதானே?

பெரிய ஊர்களைக் கோத்துக்கொண்டு நீளமாக ஓடுவது பிரதான பாதை. அதிலுள்ள ஒரு சந்திப்பிலிருந்து பிரிந்து ஒரு சின்ன ஊரிலோ கடற்கரையிலோ போய் முடிவது, அல்லது ஊர் ஊராகச் சுற்றிப் போய் இன்னொரு பாதையில் சேர்வது கிளைப்பாதை. சென்னையிலிருந்து விழுப்புரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவதைத்தான் ரயில்வேக்காரர்கள் இன்றைக்கும் மெயின் லைன் என்கிறார்கள். அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன், அதாவது குறுக்குப் பாதை, 1920-களின் பிற்பகுதியில்தான் வந்தது.

பிரதான பாதை தூரத்து ஊருக்குப் போகிறவர்களுக்கானது. கிளைப்பாதையில் போகிறவர் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் பெண் கொடுத்த ஊருக்கும் போகிறவர். அதனாலேயே அதன் நேரங்களும் நிறுத்தங்களும் வேறு மாதிரி இருந்தன.

டெல்டாவுல எந்தெந்தக் கிளைப்பாதை இருந்துச்சு?

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் பாதை வந்துவிட்டது. அப்புறம் அது பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நீண்டு 1903 வாக்கில் அறந்தாங்கியைத் தொட்டது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி வரை இணைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல். இதுதான் நீளமானது, மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தோ மெயின் லைனிலிருந்தோ கடலை நோக்கிப் பிரிந்தவை.

பேரளம்–காரைக்கால் பாதை 1898-ல் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் பாதை அவர்களுக்குச் சொந்தம், ரயிலை ஓட்டிக்கொடுத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. நீடாமங்கலம்–மன்னார்குடி 1915. திருத்துறைப்பூண்டி–வேதாரண்யம் 1919, அதைக் கோடியக்கரை வரை நீட்டியது 1936. மயிலாடுதுறை–தரங்கம்பாடி 1926, மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று அதன் நிலையப் பெயர்களைச் சொன்னாலே அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு முகம் மாறிவிடும். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போவதும் கிளைதான், ஆனால் அது 2010-ல் புதிதாகப் போட்டது, பழைய கணக்கில் சேராது.

எங்க தாத்தா, முதல்ல பெரிய லைன்தான் இருந்துச்சு, அப்புறம்தான் சின்ன லைன் ஆச்சுங்கிறார். தலைகீழா சொல்றாரா?

சரியாகத்தான் சொல்கிறார், அவர் காதில் யாரோ பழைய ஆள் சொல்லி விழுந்திருக்க வேண்டும். நாகப்பட்டினம்–தஞ்சாவூர்–திருச்சி பாதையை 1861, 1862 வாக்கில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி போட்டபோது அது அகலப்பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். 1874-ல் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 1870-களிலேயே அதைப் பிடுங்கி 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு கிளைகள் எல்லாம் மீட்டர் கேஜாகவே பிறந்தன.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1992-ல் இந்திய ரயில்வே ஒரே அளவுப் பாதை என்ற திட்டத்தை எடுத்தபோது மறுபடியும் எல்லாவற்றையும் பெயர்த்து அகலப்பாதை போட வேண்டி வந்தது. ஒரே மண்மேட்டில் இரண்டு தடவை அளவு மாறிய பாதை இது. நாகை நிலையத்துக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம், தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனையே ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது, 1920-களின் கடைசியில்தான் திருச்சி பொன்மலைக்குப் போனது.

ஜில்லா போர்டு ரயில்னு பழைய ஆளுங்க சொல்றது என்ன?

நான் பெருமையாகச் சொல்கிற விஷயம் இது. 1894-ல் வந்த மயிலாடுதுறை–முத்துப்பேட்டை பாதையைக் கட்டியது லண்டன் கம்பெனி இல்லை, தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு. நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்றே ஒரு செஸ் வசூலித்தார்கள், அந்தப் பணத்தில் பாதை போட்டார்கள், ஓட்டுகிற வேலையை மட்டும் தென்னிந்திய ரயில்வேயிடம் கொடுத்தார்கள். மிராசுதாரரிலிருந்து சின்ன பட்டாதாரர் வரை கட்டிய பணம் அது.

லாபமில்லை என்று பிற்காலத்தில் கிளைப்பாதைகளை அளந்தபோது, இந்தச் சரித்திரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊர் தன் காசில் ரயில் போட்டுக்கொண்டது என்பதை ஒவ்வொரு கோரிக்கை மனுவிலும் முதல் வரியாக எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ரயில் ஏன் அவ்வளவு மெதுவா போச்சு? சைக்கிள்ல முந்தலாம்னு சொல்வாங்களே?

பல காரணம். தண்டவாளம் எடை குறைந்தது, மண்மேடு வயல் நடுவே மழையில் ஊறிக்கிடக்கும், அதனால் வேகக் கட்டுப்பாடு. இரண்டு மூன்று மைலுக்கு ஒரு நிறுத்தம். அப்புறம் கலப்பு ரயில் என்று ஒன்று ஓடியது, பயணிகள் பெட்டியோடு சரக்கு வேகன்களும் சேர்ந்து வரும். வழியில் ஒரு ஸ்டேஷனில் வேகனைக் கழற்றி விடவோ சேர்க்கவோ வேண்டியிருந்தால் என்ஜின் தனியாகப் போய் ஷண்டிங் செய்துவிட்டு வரும்வரை பயணிகள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்த கதை எல்லா ஊரிலும் உண்டு, அது நிஜமும்கூட.

நீராவிக் காலத்தில் தண்ணீர் பிடிக்கிற நேரமும் சேரும். பயணிகள் வண்டிக்கு ஒய்.பி. வகை, சரக்குக்கு ஒய்.ஜி. வகை என்று என்ஜின்கள் இருந்தன, அப்புறம் ஒய்.டி.எம்.4 டீசல் வந்தது. டீசல் வந்தபிறகும் வேகம் பெரிதாகக் கூடவில்லை, பாதை பழையதுதானே.

ஒத்தை லைன்ல ரெண்டு பக்கமும் ரயில் வந்தா மோதாதா? அந்தப் பெரிய வளையத்தை டிரைவர் வாங்குவாரே, அது எதுக்கு?

அந்த வளையம்தான் மோதாமல் காத்தது. பிரம்பு வளையத்தின் அடியில் ஒரு தோல்பை தொங்கும், அதற்குள் ஓர் இரும்புப் பந்து. அதுதான் டோக்கன். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும், இரண்டும் கம்பி வழியாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அதை எந்த முனையிலாவது திரும்பப் போடும்வரை இன்னொரு பந்து இரண்டு கருவியிலுமே வராது. கையில் பந்து இருக்கிற ரயில் மட்டும்தான் அந்த இடைவெளியில் போகலாம். கணினி இல்லாத காலத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை யோசிப்பது கஷ்டம்.

முனையில் முடிந்துபோகும் குட்டிப் பாதைகளுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பாதைக்கு ஒரே ஒரு கோல். அந்தக் கோல் எந்த டிரைவரிடம் இருக்கிறதோ அந்த ரயில் மட்டும். இன்னொரு ரயில் உள்ளே நுழைய வழியே இல்லை என்பதால் நடுவில் சிக்னலும் தேவைப்படவில்லை.

இதுல யார் போனாங்க, என்ன ஏத்திட்டுப் போனாங்க?

நெல், அரிசி, உப்பு, மீன், வெற்றிலை, தேங்காய். கோடியக்கரைப் பாதையில் அகத்தியம்பள்ளி உப்பளம்தான் முக்கியம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யம் வந்து உப்பு எடுத்தாரே, அந்த இடம். வேதாரண்யத்துக்கு அப்போதே ரயில் இருந்தது, ஆனாலும் அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள், ஜனங்களைச் சந்திப்பதுதான் நோக்கம்.

நாகப்பட்டினம் பக்கம் கதை வேறு. அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போனது. ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது. மலேயா போன ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊரைவிட்டுக் கிளம்பிய முதல் அடி இந்தச் சின்ன ரயில்தான். மலேசியாவில் இருக்கும் மூன்றாம் தலைமுறைக்காரர்கள் பாட்டன் எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்று கேட்டு வருகிறார்கள், அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை என்று சொல்வது சங்கடமான வேலை.

கோயில் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணக் கூட்டம், திருநள்ளாறுக்குச் சனிக்கிழமைக் கூட்டம், நாகூருக்குக் கந்தூரிக் கூட்டம்.

கூட்டமாத்தானே போச்சு? அப்புறம் ஏன் மூடினாங்க?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் ஒரு கோபத்தோடு கேட்பார்கள், கோபம் நியாயமானது. கூட்டம் இருந்தது, ஆனால் டிக்கெட் விலை மிகக் குறைவு, சரக்குதான் உண்மையில் காசு கொடுத்தது. லாரி வந்து களத்துமேட்டிலிருந்தே மூட்டையை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததும் சரக்கு போய்விட்டது. அதே சமயம் பஸ். 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துச் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது, ஊருக்கு நடுவிலேயே ஏறி இறங்கலாம், ஒரு நாளைக்குப் பல நடை. ரயில் ஸ்டேஷனோ பல ஊர்களில் ஊரைவிட்டுத் தள்ளி வயல் நடுவே இருந்தது, ரயிலும் நாளைக்குச் சில தடவைதான். லாபமில்லாக் கிளைப்பாதைகளை என்ன செய்வது என்று பார்க்க 1969-லேயே ஒரு குழுவும் போட்டிருந்தார்கள்.

என் வருத்தம் கணக்குப் போட்ட விதத்தில்தான். மன்னார்குடியில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர் கொடுக்கும் கட்டணத்தில், அந்த 14 கிலோமீட்டருக்கான சிறு பங்கைத்தான் கிளையின் வருமானமாகக் காட்டுவார்கள். கிளையை எடுத்துவிட்டால் அந்த ஆள் நீடாமங்கலம் வரை பஸ்ஸில் வந்து ரயில் ஏறுவார் என்று நினைத்தார்கள். அவர் நேராகச் சென்னைக்கே பஸ் ஏறிவிட்டார். இப்படிக் கிளை போனதில் மெயின் லைனும் ஆளை இழந்தது.

தரங்கம்பாடி ரயில் எந்த வருஷம் நின்னுச்சு? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

1986. எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், அது 1987 டிசம்பர். குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது, பேரளம்–காரைக்கால் ரயிலும் 1980-களின் பிற்பகுதியில்தான் நின்றது, இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாதை, ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். அதோடு ரயில் நின்ற வருஷம் வேறு, தண்டவாளத்தைப் பிடுங்கிய வருஷம் வேறு. நிறையப் பேர் கண்ணால் பார்த்தது பிடுங்கியதைத்தான், அதனால் அந்த வருஷம் மனதில் நிற்கிறது.

யாராவது வருஷம் சொன்னால், ரயில் நின்றதா, தண்டவாளம் போனதா என்று அடுத்த கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். பாதி முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

மன்னார்குடிக்கு ரயில் திரும்ப வந்துச்சு, எங்க ஊருக்கு மட்டும் ஏன் வரல?

மன்னார்குடி ரயில் 1976-ல் நின்றது, 2011 செப்டம்பரில் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது, வந்ததும் சென்னைக்கே மன்னை எக்ஸ்பிரஸ் கிடைத்தது. 35 வருஷ இடைவெளி. அங்கே மூன்று விஷயம் சேர்ந்து அமைந்தது: தூரம் குறைவு, டெல்லியில் பேசுவதற்கு எம்.பி. டி.ஆர். பாலு இருந்தார், ஊரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. காரைக்காலுக்கு வேறு வழியில் நடந்தது, நாகூரிலிருந்து 2011-ல் அகலப்பாதை வந்தது, பிறகு துறைமுகம், நிலக்கரி என்று சரக்குக் காரணம் கிடைத்ததால் பேரளம் பக்கமும் மறுபடி தண்டவாளம் போட்டு 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது.

தரங்கம்பாடிக்கு அப்படி ஒரு பெரிய சரக்கு இல்லை. ஆனால் திருக்கடையூர் கூட்டமும் டேனிஷ் கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டமும் 1986-ல் இருந்ததைவிட இப்போது பல மடங்கு. இதை ஆண்டு வாரியாக எழுதிக் காட்டினால் கோரிக்கைக்குப் பலம் வரும். பழைய ரயிலில் போன ஆசையை மட்டும் எழுதினால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

வேதாரண்யம் ரயில் வந்தாச்சுல்ல, இனி கோடியக்கரைக்கும் போகுமா?

மீட்டர் கேஜ் ரயில் 2004-ல் நின்று, 2023 ஏப்ரல் 8 அன்று திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதையாகத் திறந்தது. அகத்தியம்பள்ளியோடு முடிகிறது. அதற்கு அப்பால் இருந்த கோடியக்கரைப் பகுதியை மாற்றவில்லை. அங்கே 1967-லிருந்து வெளிமான்களுக்கான வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, பக்கத்திலேயே வலசைப் பறவைகள் இறங்கும் சதுப்பு நிலம்.

கோடியக்கரை வரை ரயில் வேண்டும் என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. அகத்தியம்பள்ளி வரை வருகிற ரயிலைக் கூட்டுங்கள், அங்கிருந்து பஸ் விடுங்கள், அது போதும்.

திருவாரூர்–காரைக்குடி பெரிய லைன் ஆனப்புறமும் ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?

2019-ல் திருவாரூர்–காரைக்குடி முழுவதும் அகலப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தபோது சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரணம் கேட்கீப்பர்கள் இல்லாதது. ஆளில்லாத கேட்டுகளுக்காக ரயிலிலேயே முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் ஏறிப் போவார்கள். கேட் வந்ததும் ரயில் நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார், ரயில் கடந்ததும் மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஒவ்வொரு கேட்டுக்கும் இப்படி. புதுப் பாதை போட்டுவிட்டு ஆள் போடாவிட்டால் பழைய கலப்பு ரயிலைவிட மெதுவாகத்தான் போகும், ஜனங்கள் பஸ்ஸுக்கே போய்விடுவார்கள், அப்புறம் கூட்டம் இல்லை என்று சொல்ல வசதியாகிவிடும். மூடினதற்கான காரணத்தில் சொன்னது அப்படியே திரும்ப நடக்கும்.

எங்க ஊர்ல ஒரு மேடு இருக்கு. வாய்க்கால் கரையா, பழைய ரயில் மேடா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

டெல்டாவில் இது நியாயமான சந்தேகம், எங்கு பார்த்தாலும் கரைதான். வாய்க்கால் கரை தண்ணீரோடு வளையும். ரயில் மேடு தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது, நீளத்துக்கு நேராகப் போகும், திரும்பினால் பெரிய வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி மெதுவாகத் திரும்பும், உயரமும் ஒரே சீராக இருக்கும். குறுக்கே வாய்க்கால் வருகிற இடத்தில் செங்கல் வளைவோடு சின்னப் பாலம் இருந்தால் ரயில் மேடாக இருக்க நிறைய வாய்ப்பு. சரளைக் கற்கள் மண்ணில் கலந்து கிடக்கும். பழைய தண்டவாளத்தை நட்டு வேலிக்காலாக்கி இருப்பார்கள், அதையும் பாருங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் காகிதம்தான். கிராம வரைபடத்தில் வயல்களை வெட்டிக்கொண்டு ஒரே அகலத்தில் நீளமாக ஒரு பட்டை போகும், அந்தப் புல எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமப் பதிவேடு) என்ன வகைப்பாடு என்று கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 அளவு வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் மீட்டர் கேஜ் பாதைகள் தெளிவாக இருக்கும், செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தண்டவாளம் எடுத்துட்டாங்கன்னா அந்த நிலம் யாருக்கு? பக்கத்து வயல்காரருக்கா?

ரயில் நின்றாலும் தண்டவாளம் போனாலும் நிலம் ரயில்வேயுடையதுதான், முறையாக வேறு துறைக்கு மாற்றிக்கொடுக்காத வரை. சில இடங்களில் மேட்டின்மேல் சாலை வந்துவிட்டது, சில இடங்களில் வீடு, தென்னை. பட்டா கேட்டு அலைகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வரும், அ-பதிவேட்டில் இன்னும் ரயில்வே என்றே இருக்கும்.

அங்கே குடியிருக்கிற ஏழைகளோடு சண்டைக்குப் போகாதீர்கள். நாம் பாதையைப் பதிவுசெய்ய வந்தவர்கள், ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் இல்லை. அந்த வீடுகள் தெரியும்படி போட்டோ போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மண்ணுக்குள்ள ஒரு ஃபிஷ் பிளேட் கிடந்துச்சு. எடுத்து வீட்டுல வச்சுக்கலாமா?

வேண்டாம். ஃபிஷ் பிளேட் என்பது இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற இரும்புத் தகடு, அதுவும் ரயில்வே சொத்துதான். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் தனிச் சட்டம் இருக்கிறது, சிறைத் தண்டனை வரை போகும். துருப்பிடித்த இரும்பு என்பது அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை. கிடக்கிற இடத்திலேயே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், அதன்மேல் வார்ப்பெழுத்தில் கம்பெனிப் பெயரும் வருஷமும் இருந்தால் அதைத் தனியாக எடுங்கள். அந்த எழுத்துக்காகத்தானே இரும்பு வேண்டியிருந்தது. ஆசை அடங்கவில்லை என்றால் ரயில்வே ஏலத்தில் கழிவிரும்பு வாங்கியவரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

ஓடுற பாதையில நின்னு போட்டோ எடுக்கலாமா? எல்லாரும் எடுக்கிறாங்களே?

தண்டவாளத்தில் அனுமதியில்லாமல் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம் உயிர். அகலப்பாதையில் வருகிற டெமு ரயில் (தனி என்ஜின் இல்லாமல் பெட்டியிலேயே டீசல் என்ஜின் வைத்த ரயில்), பழைய வண்டி மாதிரி தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வராது. பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள், சாலைப் பாலத்தில் நின்று எடுங்கள், மூடிய கேட்டுக்கு வெளியே நின்று எடுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் வேண்டாம் என்றால் வாதாடாமல் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள், அடுத்து வருகிற ஆர்வலருக்கும் அந்த இடம் வேண்டும்.

மீட்டர் கேஜ் நீராவி ரயிலை இப்ப எங்க பார்க்கலாம்?

ஓடிப் பார்க்க வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம். நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்தான், அது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் எக்ஸ் வகை நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு போகும், அதில் சிலவற்றைப் பொன்மலைப் பணிமனையே புதிதாகக் கட்டிக்கொடுத்தது. நின்ற நிலையில் பார்க்க, 2014-ல் திறந்த திருச்சி ரயில் அருங்காட்சியகமும் சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்து ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஆனால் மலை ரயில் வேறு, வயலுக்கு நடுவே ஓடிய ரயில் வேறு. டெல்டாவின் அனுபவம் வேண்டுமென்றால் ஒரு சாயங்காலம் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி டெமுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வாருங்கள்.

எங்க பாட்டி அந்த ரயில்ல போனவங்க. என்ன கேட்கணும்னு தெரியல.

"அந்த ரயிலைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் நல்லா இருந்துச்சுப்பா என்பதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எந்த வழியாகப் போவீங்க, நடந்தா வண்டியிலயா? டிக்கெட் யார் கொடுப்பாங்க, ஸ்டேஷன் மாஸ்டரா, கமிஷனுக்கு விற்கிற ஹால்ட் ஏஜென்டா? காலை ரயில் வரும்போது வீட்டில் என்ன வேலை நடந்துகிட்டு இருக்கும்? பிளாட்பாரம் உயரமா இருந்துச்சா, தரையோட தரையா இருந்துச்சா? என்ன வித்தாங்க? இப்படிக் கேட்டால் ரயில் நேரமே வெளியே வரும், பழைய கால அட்டவணையோடு ஒப்பிடலாம்.

வருஷத்தை நேராகக் கேட்காதீர்கள். 1952 புயலுக்கு முன்னாலா பின்னாலா, 1977 புயல் அன்றைக்கு ரயில் இருந்ததா, இந்திரா காந்தி இறந்தபோது ஓடியதா, மூத்த பிள்ளை பிறந்தாச்சா என்று கேட்டால் சரியாக நிறுத்திச் சொல்வார்கள். பேசுவதைப் போனில் பதிவுசெய்யுங்கள், முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தண்டவாளத்தைப் பார்த்துப் பராமரித்த கீமேன், கேங்மேன், கேட்டில் இருந்த கேட்கீப்பர் வேலை பார்த்தவர்கள் ஊரில் இருந்தால் அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிகாரிகள் எழுதிய காகிதமாவது எங்கேயோ ஒரு கோப்பில் இருக்கும், அந்தப் பாதையைத் தினமும் நடந்து பார்த்தவருக்குத் தெரிந்தது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்க வீட்டுப் பெட்டியில ஒரு பழைய அட்டை டிக்கெட் இருக்கு. எந்தக் காலத்துதுன்னு எப்படிச் சொல்றது?

தேதி அச்சு அழுந்தியிருந்தால் வேலை முடிந்தது, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், மை போனாலும் பள்ளம் இருக்கும். தேதி தெரியவில்லை என்றால் மற்ற அடையாளங்கள். தென்னிந்திய ரயில்வே என்று இருந்தால் 1951 ஏப்ரலுக்கு முன் அச்சிட்டது, அப்போதுதான் தெற்கு ரயில்வே உருவானது. அணாக் கணக்கில் விலை இருந்தால் 1957-க்கு முன், நயா பைசா என்று இருந்தால் 1957-லிருந்து 1964 வாக்கில். மூன்றாம் வகுப்பு என்று இருந்தால் 1974-க்கு முன், அதற்குப் பிறகு அந்த வகுப்பே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய அட்டைகளை மிச்சம் இருக்கிறவரை விற்றிருப்பார்கள், அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே விட்டுக்கொள்ளுங்கள்.

லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அட்டை பாழாகிவிடும், அழுந்திய தேதியும் போய்விடும். இரண்டு பக்கமும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள், யார் எங்கிருந்து எங்கே போக வாங்கியது, யாருடைய பெட்டியில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி டிக்கெட்டோடு சேர்த்து ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். ஸ்கேன் பிரதியை இன்னும் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.